நின்றுவிட்ட எண்



கிராமத்து வைத்தியசாலை ஒன்றின் மருந்தறையில் வெண்ணிறக் குளிர்ப்பெட்டி ஒன்று நிற்கிறது. குழந்தைகளுக்கு ஏற்றும் தடுப்பு மருந்துகள் அதனுள்ளே சிறு குப்பிகளில் அடுக்கப்பட்டிருக்கின்றன. இவை செல்லமாக வளர்ந்த பிள்ளைகளைப் போன்றவை. 2 பாகை செல்சியசுக்கும் 8 பாகைக்கும் இடைப்பட்ட குளிரிலேயே இவை சுகமாக இருக்கும். அதற்கு மேல் வெம்மை ஏறினால் போலியோச் சொட்டு மருந்தும் சின்னமுத்து மருந்தும் வீரியம் குன்றும். அதற்குக் கீழே இறங்கி உறைந்துவிட்டாலோ, ஏற்புவலி மருந்தும் ஈரலழற்சி பீ மருந்தும் பயனற்றுப் போகும். கெட்டுப்போன மருந்து தன் நிறத்தாலோ மணத்தாலோ அதனைக் காட்டிக் கொடுப்பதும் அரிது. ஏற்றிய கை அறியாது. ஏற்றுக்கொண்ட குழந்தையும் அறியாது. பல மாதங்கள் கழிந்து நோய் வந்து கதவைத் தட்டும்போதுதான் தெரியவரும்.

ஆகவேதான் இத்தகைய பெட்டிகளின் வெப்பநிலையை நாள்தோறும் காலையும் மாலையும் பார்த்து ஒரு புத்தகத்தில் எழுதிவைக்கும் வழக்கம் உலகெங்கும் உண்டு. காலை எட்டு மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் இடையே பெட்டிக்குள் என்ன நடந்தது என்பது புத்தகத்தில் இராது. இரவு முழுவதும் என்ன நடந்தது என்பதோ அறவே இராது. இந்த இடைவெளியை அடைக்கும் பொருட்டு, ஓயாமல் வெப்பநிலையைப் பார்த்துக்கொண்டே இருக்கும் கருவி ஒன்றை அமைத்துத் தரும்படி, எனக்குப் பழக்கமான வைத்தியர் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் என்னைக் கேட்டார். நான் மாணவர்க்குக் கணினி கற்பிக்கும் ஆசிரியன். கற்பிப்பவன் செய்து காட்டவும் வேண்டும் அல்லவா? ஒப்புக்கொண்டேன். அவ்வேலையில் நான் இழைத்த பிழை ஒன்றைப் பற்றியே இன்று பேசப் போகிறேன்.

கருவிக்கு வேண்டிய பொருள்கள் சிலவே. வெப்பத்தை உணர்ந்து எண்ணாக மாற்றித் தரும் உணரி ஒன்று. உள்ளங்கையில் அடங்கும் றாஸ்பெரி பை என்னும் சிறு கணினி. அதனோடு இணைந்த திரை. இங்கிலாந்திலே கேம்பிறிட்ஜ் நகரில் உருவாகி 2012 ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்த அந்தச் சிறு கணினி, பள்ளி மாணவர்க்கென்றே செய்யப்பட்டது. உணரி, டீ எஸ் 18 பீ 20 என்னும் பெயருடையது. அரிசி மூட்டையின் வாயைத் தைக்கும் கோணியூசியை விடச் சற்றுத் தடித்த எஃகுக் குழாய்க்குள் அடைத்து விற்கிறார்கள். ஒரு பாகையின் பதினாறில் ஒரு பங்கு வரை வேறுபாடு காட்டும். ஆனால் அதன் உண்மைத்தன்மைக்கு அரைப் பாகை ஏற்றத்தாழ்வு வைத்துக்கொள்ள வேண்டும். நுணுக்கமாகக் காட்டுவதும் சரியாகக் காட்டுவதும் ஒன்றல்ல என்பதை மாணவர்க்கு விளக்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை. அந்த உணரி ஒருமுறை அளந்து விடை சொல்ல முக்கால் வினாடி வரை எடுத்துக்கொள்ளும். இந்த முக்கால் வினாடியை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கதையின் முதற் சிக்கல் அதிலேதான் பிறக்கிறது.

கணினிக்கு நாம் எழுதித் தரும் கட்டளைத் தொகுப்பைச் செய்நிரல் என்கிறோம். அதனை எழுதுவதற்கான மொழிகளுள் ஒன்று பைதன். நெதர்லாந்தின் அம்ஸ்ரடாம் நகரில் இருந்த கீடோ வான் றொஸ்ஸம் என்பவர் 1989 ஆம் ஆண்டு நத்தார் விடுமுறையில் தொடங்கி 1991 இல் வெளியிட்ட மொழி இது. மலைப்பாம்புக்கும் இதற்கும் தொடர்பு எதுவுமில்லை. பிரித்தானியத் தொலைக்காட்சியில் வந்த நகைச்சுவைத் தொடர் ஒன்றின் பெயரிலிருந்து எடுத்தது. நம் நாட்டில் உயர்தர வகுப்பில் தகவல் தொழினுட்பம் கற்கும் பிள்ளைகள் இம்மொழியைப் பாடமாகவே படிக்கிறார்கள். திரையிலே சாளரம், பொத்தான், எழுத்து ஆகியவற்றை வரைந்து காட்டுவதற்கு இம்மொழியோடு கூடவே டி கின்டர் என்னும் கருவித்தொகுதி கிடைக்கிறது. அதன் மூலம் அமெரிக்காவின் பேர்க்லி பல்கலைக்கழகத்தில் ஜோன் ஊஸ்ரஹௌட் என்பவர் ஆக்கிய ரி கே என்னும் தொகுதியாகும்.

முதன்முதலில் நான் எழுதிய செய்நிரல் இதுதான். சாளரத்தில் "தொடங்கு" என்று ஒரு பொத்தான். அதை அழுத்தினால், "உணரியைப் பார்; எண்ணை எழுது; மறுபடியும் பார்; மறுபடியும் எழுது" என்று முடிவில்லாமல் சுழலும் ஒரு சுற்று. ஓயாது பார்க்க வேண்டும் என்றார்கள். ஓயாமல் சுழலும் சுற்று எழுதினேன். இதிலே என்ன பிழை இருக்க முடியும்?

பொத்தானை அழுத்தினேன். அழுத்தியது அழுத்தியபடியே நின்றது. எண் தோன்றவில்லை. "நிறுத்து" என்னும் பொத்தான் கிளிக்குச் செவிசாய்க்கவில்லை. சாளரத்தை மூடவும் முடியவில்லை. இத்துறையில் கால் வைக்கும் ஒவ்வொரு மாணவனும் முதல் வாரத்தில் முட்டிக்கொள்ளும் சுவர் இது. ஆசிரியனும் முட்டிக்கொண்டான்.

காரணத்தை ஒரு தேநீர்க்கடையை வைத்து விளக்கலாம். கடை முதலாளி ஒருவர்தான் மேசையில் இருக்கிறார். வருகிறவர்கள் கேட்பதைக் கேட்டு, கொடுப்பதைக் கொடுத்து, காசை வாங்கிப் பெட்டியில் போட்டு, அடுத்தவர் முகத்தைப் பார்க்கிறார். சாளரமும் அவ்வாறே. பொத்தான் அழுத்தப்பட்டதா, சுட்டி நகர்ந்ததா, எழுத்தைத் திரும்ப வரைய வேண்டுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டுச் செய்துகொண்டிருக்கும் உள்வேலை ஒன்று அதற்குண்டு. டி கின்டரில் அதனை மெயின்லூப் என்பர். நான் செய்தது என்ன? அடுப்படியில் பால் பொங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே நிற்கும்படி அந்த முதலாளியை உள்ளே அனுப்பிவிட்டேன். அவரும் போனவர் போனவர்தான். மேசையில் வாடிக்கையாளர் தட்டுகிறார்கள், கேட்பாரில்லை. பால் நிலவரத்தை அவர் பலகையில் எழுதவும் முடியாது. பலகையும் மேசையருகில்தான் இருக்கிறது.

இதற்கு முதல் மருந்து எளியது. "முதலாளியே, மேசையை விட்டு அகல வேண்டாம். இத்தனை வினாடிக்கு ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிடும்" என்று சொல்வது. டி கின்டரில் இதற்கு ஆஃப்டர் என்னும் கட்டளை இருக்கிறது. இத்தனை மில்லிவினாடி கழித்து இன்ன வேலையைச் செய் என்று அதனிடம் சொல்லிவைக்கலாம். அது ஒரேயொருமுறைதான் செய்யும். ஆகையால் வேலை முடிகிற இடத்திலே, அடுத்த முறைக்கும் சொல்லிவைக்க வேண்டும். மாணவர்கள் இவ்விடத்தில் ஒரு தவறு செய்வதுண்டு. ஆஃப்டருக்கு வேலையின் பெயரைக் கொடுப்பதற்குப் பதிலாக, பெயருக்குப் பின்னே அடைப்புக்குறிகளையும் இட்டுவிடுவார்கள். உடனே அது "பிறகு செய்" என்னும் பொருளை இழந்து "இப்போதே செய்" என்று ஆகிவிடும். அவ்வேலையே தன்னைத் தானே திரும்ப அழைப்பதாகவும் இருந்தால், முடிவில்லாமல் தனக்குள் தானே இறங்கிச் சில கணங்களில் பைதன் கையை விரித்துவிடும். இரண்டு சிறு வளைகோடுகளால் ஒரு மாலைப்பொழுதையே இழந்த மாணவர்களை நான் அறிவேன்.

இம்முறையில் கருவி ஓடியது. எண் தோன்றியது, மாறியது, பொத்தான்களும் பேச்சுக் கேட்டன. ஆனால் வைத்தியர் கேட்டபடி பெட்டிக்குள் மேலே ஒன்று, நடுவே ஒன்று, கீழே ஒன்று என மூன்று உணரிகள் வைத்தபோது அந்த முக்கால் வினாடி வேலையைக் காட்டியது. மூன்று முக்கால் சேர்ந்து இரண்டே கால் வினாடி. ஐந்து வினாடிக்கு ஒருமுறை முதலாளி எட்டிப் பார்க்கப் போகும்போதெல்லாம் இரண்டே கால் வினாடி மேசை வெறுமையாயிருந்தது. சாளரம் விக்கி விக்கி ஓடியது. பார்ப்பவர்க்குக் கருவி நோயுற்றதுபோலத் தோன்றியது.

ஆதலின் இரண்டாவது மருந்தை நாடினேன். அடுப்படியில் நிற்பதற்கென்றே ஒரு பையனை வேலைக்கு வைத்துக்கொள்வது. ஒரே செய்நிரலுக்குள் இரண்டு வேலைகள் ஒன்றையொன்று காத்திராமல் ஓடும்படி செய்யலாம். இவற்றை இழைகள் என்கிறோம். ஓர் இழை சாளரத்தைக் கவனிக்கும்; மற்றோர் இழை உணரிகளைக் கவனிக்கும். ஆனால் இதற்கொரு கண்டிப்பான விதி உண்டு. பையன் ஓடிவந்து முதலாளியின் கணக்குப் புத்தகத்தில் தானே எழுதக்கூடாது. இருவரும் ஒரே நேரத்தில் ஒரே பக்கத்தில் எழுதினால் இருவர் எழுத்தும் கெடும். பையன் துண்டுச் சீட்டில் எழுதிச் சுவரிலுள்ள ஓட்டை வழியாகப் போடவேண்டும். முதலாளி வசதிப்படி எடுத்துப் பார்த்துத் தாமே புத்தகத்தில் பதிவார். பைதனில் அந்த ஓட்டைக்குக் கியூ, அஃதாவது வரிசை, என்று பெயர். உணரி இழை எண்ணை வரிசையில் இடும். சாளர இழை, கால் வினாடிக்கு ஒருமுறை ஆஃப்டரின் துணையோடு வரிசையை எட்டிப் பார்த்து, சீட்டு இருந்தால் எடுக்கும். இல்லையேல் காத்திராமல் தன் வேலைக்குத் திரும்பும்.

அழகாக ஓடியது. பெரிய எழுத்தில் நடு உணரியின் எண்; கீழே மூன்றுக்கும் மூன்று கோடுகள் ஊர்ந்து செல்லும் வரைபடம்; 8 பாகையைத் தாண்டினால் சிவப்பாகும் பின்புலம். வைத்தியர் மகிழ்ந்தார். கதவைத் திறந்து உள்ளிருக்கும் பழைய வெப்பமானியைப் பார்த்தால் குளிர் வெளியேறும். இனித் திரையைப் பார்த்தே புத்தகத்தில் எழுதிக்கொள்ளலாம் என்று நானே தாதியர்க்குச் சொன்னேன். அந்தச் சொல்லைத் திரும்பப் பெற முடிந்தால் பெரும் விலை கொடுத்தும் பெறுவேன்.

நான்கு மாதங்கள் குறையின்றிக் கழிந்தன. ஒரு வெள்ளிக்கிழமை மாலை மருந்தறையைக் கழுவுவதற்காகக் குளிர்ப்பெட்டியைச் சுவரிலிருந்து இழுத்தார்கள். இழுத்தபோது உணரிகளின் கம்பி கழன்றது. பெட்டியின் மின்செருகியும் பாதி வெளியே வந்தது. கழுவி முடித்துப் பெட்டியைத் திரும்பத் தள்ளி வைத்தார்கள். கணினிக்கும் திரைக்கும் வேறொரு செருகி. அவற்றுக்கு ஒன்றும் நேரவில்லை. திரையில் 4.6 என்று இருந்தது.

சனிக்கிழமை காலையிலும் 4.6 என்று இருந்தது. மாலையிலும் அவ்வாறே. ஞாயிறு காலை பணிக்கு வந்த மூத்த தாதியார், வேறொரு தேவைக்காகப் பெட்டியைத் திறந்து ஒரு குப்பியை எடுத்தார். குப்பி குளிரவில்லை. பழைய வெப்பமானியைப் பார்த்தார், 24 பாகை. திரையைப் பார்த்தார், 4.6.

திங்கட்கிழமை நான் போய்ச் சேர்ந்தபோது அந்தப் புத்தகத்தை எனக்குக் காட்டினார்கள். வெள்ளி மாலை 4.6, சனி காலை 4.6, சனி மாலை 4.6, மூன்றும் மூன்று வெவ்வேறு கையெழுத்து. நான்காவது வரியில் 4.6 என்று எழுதத் தொடங்கி வெட்டப்பட்டிருந்தது. மூத்த தாதியார் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "மாஸ்ரர், இலக்கம் ஆடாமல் அசையாமல் நிண்டது. பெட்டி நல்லாய் வேலை செய்யுதெண்டுதான் நாங்கள் நினைச்சம்" என்றார். பெட்டியிலிருந்த மருந்துகள் அனைத்தும் விலக்கி வைக்கப்பட்டன. அந்த வாரத்துக் குழந்தைகள் கிளினிக் தள்ளிப் போடப்பட்டது. முன்னறிவிப்புக் கிட்டாத தாய்மார் சிலர் கைக்குழந்தைகளோடு பஸ் ஏறி வந்து, வந்த வழியே திரும்பிப் போனதை நான் வாசலில் நின்று பார்த்தேன்.

நடந்தது என்ன? கம்பி கழன்றதும், உணரியின் எண்ணைப் படிக்க உதவும் கோப்பு கணினியிலிருந்து மறைந்தது. உணரி இழை அந்தக் கோப்பைத் தேடியது, காணவில்லை. இவ்வாறான இடர் நேரும்போது என்ன செய்ய வேண்டுமென்று நான் எழுதி வைக்கவில்லை. ஆகையால் அந்த இழை அவ்விடத்திலேயே இறந்தது. பைதனில் ஓர் இழை இறந்தால் மற்ற இழைகள் இறப்பதில்லை. சாளர இழை உயிரோடுதான் இருந்தது. பொத்தான்கள் வேலை செய்தன. கால் வினாடிக்கு ஒருமுறை அது வரிசையை எட்டிப் பார்த்தது, சீட்டு இல்லை, தன் வேலைக்குத் திரும்பியது. இப்படி ஏறக்குறைய ஒன்றரை நாள் எட்டிப் பார்த்தது. அடுப்படிப் பையன் மயங்கி விழுந்துவிட்டான். முதலாளியோ, கடைசியாக வந்த சீட்டில் உள்ளதையே கேட்பவர்க்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். வரைபடமும் சீட்டு வந்தால்தான் நகரும்படி எழுதப்பட்டிருந்ததால், கோடு நின்ற இடத்திலேயே நின்றது. நிற்கும் கோட்டுக்கும் நேர்க்கோடாக ஓடும் கோட்டுக்கும் வேறுபாடு காண, ஓரிரு நிமிடம் நின்று பார்க்க வேண்டும். வைத்தியசாலையில் யாருக்கு அந்த அவகாசம்?

முதற் செய்நிரலில் சாளரம் உறைந்தது. அது எவர் கண்ணுக்கும் பட்டது. மூன்றாவது செய்நிரலில் எண் மட்டும் உறைந்தது, சாளரம் சிரித்துக்கொண்டிருந்தது. சாளரம் உறையாமலிருக்க நான் செய்த ஏற்பாடே எண் உறைந்ததை மறைத்துவிட்டது.

என் சிறு பிழையைப் பெரியோர் பிழைகளோடு ஒப்பிட்டு ஆறுதல் தேடுவதாக நேயர்கள் எண்ணற்க. ஆனால் இதே வகைப் பிழை உலகில் பெரும் அளவிலும் நேர்ந்திருக்கிறது. 1979 ஆம் ஆண்டு மார்ச் 28 ஆம் நாள் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் மூன்று மைல் தீவு அணுமின் நிலையத்தில் ஒரு வால்வு திறந்தபடியே சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டு அறையில் அதற்குரிய விளக்கு அணைந்திருந்தது; வால்வு மூடிவிட்டது என்று இயக்குநர்கள் கருதினர். அந்த விளக்கோ வால்வு மூடியதா என்பதைக் காட்டும் விளக்கன்று. வால்வுக்கு மூடும்படி கட்டளை போயிற்றா என்பதைக் காட்டும் விளக்கு. இரண்டு மணித்தியாலங்களுக்கு மேல் அந்தத் துளை வழியே உலையைக் குளிர்விக்கும் நீர் வெளியேறியது. எச்சரிக்கைகளைத் தாளில் அச்சிட்டுத் தள்ளும் இயந்திரமும், வந்து குவிந்த செய்திகளின் மிகுதியால் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் பின்தங்கிப் போயிற்று. அதன் முன்னே நின்றவர் கடந்த காலத்தைப் படித்துக்கொண்டிருந்தார்.

மற்றொன்று 2003 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 14 ஆம் நாள் நிகழ்ந்தது. ஒஹாயோ மாநிலத்து மின்சார நிறுவனம் ஒன்றின் கட்டுப்பாட்டு அறையில், பிற்பகல் 2 மணி 14 நிமிடம் அளவில் எச்சரிக்கைச் செய்நிரல் நின்றுபோயிற்று. இரண்டு செயல்கள் ஒரே தரவில் ஒரே கணத்தில் கைவைத்ததே காரணம் என்று பின்னர் கண்டார்கள். இருவர் ஒரே கணக்குப் புத்தகத்தில் எழுதிய கதைதான். செய்நிரல் நின்றதை எவரும் அறியவில்லை. மரக்கிளைகளில் உரசி ஒன்றன்பின் ஒன்றாக மின்கம்பித் தொடர்கள் அறுபட்டபோதும் அந்த அறையில் மணி ஒலிக்கவில்லை. மணி ஒலிக்காததால் எல்லாம் நலம் என்று இருந்தனர். அயல் நிலையத்தார் தொலைபேசியில் அழைத்துக் கேட்டபோதும் முதலில் நம்பத் தயங்கினர். மாலை 4 மணி 10 நிமிடத்தை ஒட்டி, அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களிலும் கனடாவின் ஒன்ராறியோவிலுமாக ஏறக்குறைய 5 கோடி மக்கள் மின்சாரமின்றி இருந்தனர்.

புகையிரதப் பாதையோரத்துக் கைகாட்டியை நேயர்கள் பார்த்திருப்பீர்கள். அதை இயக்கும் கம்பி அறுந்தால் கை எந்த நிலைக்குப் போகும்? "நில்" என்னும் நிலைக்கே போகும். நீராவி இயந்திர காலத்துப் பொறியியலாளர் அதனை அப்படித்தான் அமைத்தார்கள். "போகலாம்" என்று காட்டுவதற்குத்தான் ஒருவர் இழுத்துப் பிடித்திருக்க வேண்டும். கணினி கற்பிக்கும் நான், என் சாளரத்தில் இதனை மறந்துபோனேன்.

இப்போது அந்த வைத்தியசாலையில் ஓடும் செய்நிரல் நான்காவது. உணரி இழை, எண்ணோடு கூட அதனை வாசித்த நேரத்தையும் சீட்டில் எழுதி அனுப்புகிறது. சாளர இழை, சீட்டு வந்தாலும் வராவிட்டாலும், ஒவ்வொரு முறையும் கடைசிச் சீட்டின் வயதைக் கணக்கிடுகிறது. பெரிய எண்ணின் கீழே "வாசித்து 3 வினாடி" என்று சிறிய எழுத்தில் ஓடிக்கொண்டிருக்கும். வயது 20 வினாடியைக் கடந்தால் எண் அழிக்கப்படும். மங்கலாக்குவதில்லை, நிறம் மாற்றுவதில்லை, அழித்தேவிடும். அந்த இடத்தில் "வாசிப்பு இல்லை" என்று மஞ்சள் பின்புலத்தில் தோன்றும். பழைய எண்ணை அடைப்புக்குள்ளாவது விட்டுவைக்கலாமே என்று வைத்தியர் கேட்டார். அவசரத்தில் இருப்பவர் அடைப்பைப் பார்க்கமாட்டார், எண்ணையே பார்ப்பார் என்று மறுத்துவிட்டேன்.

வயதைக் கணக்கிடுவதிலும் ஒரு வழுக்குப் பாறை இருந்தது. அச்சிறு கணினிக்குள், மின்சாரம் நின்ற பின்பும் ஓடக்கூடிய கடிகாரம் இல்லை. 2023 இல் வந்த ஐந்தாம் வகையில்தான் அதற்கு இடம் வைத்தார்கள். எங்களுடையது பழையது. மின்வெட்டு முடிந்து விழித்தெழும்போது அதற்கு நேரம் தெரியாது; இணையத்தில் கேட்டுத் திருத்திக்கொள்ளும். திருத்தும் கணத்தில் கடிகாரம் தாவும். அந்தத் தாவலால், இப்போதுதான் வாசித்த எண் பல மணித்தியாலம் பழையது என்று ஒருமுறை அழிந்தது. ஆதலால் வயதுக்கு நாட்கடிகாரத்தைப் பயன்படுத்தாமல், முன்னோக்கி மட்டுமே ஓடும் மொனோரோனிக் என்னும் உட்கடிகாரத்தைப் பயன்படுத்துகிறேன். புத்தகப் பதிவுக்கு மட்டுமே நாட்கடிகாரம்.

உணரி தரும் எண்ணையும் அப்படியே விழுங்குவதில்லை. மின்சாரம் தளம்பினால் அந்த உணரி அளவெடுக்காமலே 85 என்று சொல்லும். அது விழித்தெழும்போது அதன் வாயில் இருக்கும் முதற் சொல் அது. குளிர்ப்பெட்டிக்குள் 85 பாகை என்பது நகைப்புக்குரியது என்று மனிதனுக்குத் தெரியும். செய்நிரலுக்கு நாம் சொல்லித்தர வேண்டும். ஒவ்வொரு வாசிப்போடும் வரும் சரிபார்ப்பு விடை "ஆம்" என்று இருக்கிறதா என்றும் பார்க்கிறேன். இல்லாவிட்டால் அந்தச் சீட்டே வராது, வயது ஏறும், தானே அழியும்.

இடர் வந்தால் இழை இறக்காமலிருக்க ஒரு குறுக்கு வழி உண்டு. எந்த இடர் வந்தாலும் கண்டுகொள்ளாதே, தொடர்ந்து ஓடு என்று இரண்டே வரியில் எழுதிவிடலாம். மாணவர்கள் இதனை விரும்பிச் செய்வார்கள். சில நூல்களிலும் கண்டிருக்கிறேன். அதைவிட இழை இறந்து போவதே மேல் என்பது என் எண்ணம். பிணத்தையாவது கண்டுபிடிக்கலாம். இப்போதைய செய்நிரல், இடர் வந்தால் அது இன்னதென்று நேரத்தோடு கோப்பில் எழுதிவைத்து, ஐந்து வினாடி பொறுத்து மீண்டும் முயல்கிறது. கம்பியைத் திரும்பச் செருகினால், எவரும் எதையும் தொடாமலே எண் மீண்டு வரும்.

சாளரமே உறைந்துவிட்டால்? ஓடும் வினாடிக் கணக்கும் நின்றுவிடும்; ஆனால் அதையும் ஒருவர் பார்க்க வேண்டுமே. இதற்காகக் கணினிக்கு வெளியே ஒரு சிறு மின்சுற்றும் ஒலிப்பானும் வைத்திருக்கிறேன். செய்நிரல் சில வினாடிக்கு ஒருமுறை அதற்கொரு மின்துடிப்பை அனுப்பி அதன் வாயை மூடி வைத்திருக்கும். துடிப்பு வராவிட்டால் அது கத்தும். அதற்குத் தனி மின்கலம் உண்டு. கைகாட்டியிடம் கற்ற பாடம்.

கத்துவதைப் பற்றி ஒன்று. தொடக்கத்தில் 8 பாகையைத் தொட்டவுடனே எச்சரிக்கை எழுப்பினேன். கதவைத் திறக்கும்போதெல்லாம் கத்தியது. ஒரு வாரத்தில் அதன் வாயில் யாரோ ஒட்டுப்பசை நாடாவை ஒட்டிவிட்டார்கள். எவர் என்று நான் விசாரிக்கவில்லை, நானாயிருந்தாலும் ஒட்டியிருப்பேன். பின்னர் நடு உணரியைக் கிளிசரின் கலந்த நீர் நிரம்பிய சிறு போத்தலுக்குள் இட்டேன். காற்று வெம்மையானாலும் மருந்துக் குப்பி உடனே வெம்மையாவதில்லை, போத்தலும் அப்படியே. பத்து நிமிடம் தொடர்ந்து 8 பாகைக்கு மேல் நின்றால்தான் இப்போது கத்தும். ஏழரைக்கு இறங்கினால்தான் ஓயும். கீழெல்லைக்கு இத்தனை பொறுமை காட்டவில்லை. உறைந்த மருந்தை எந்த வெம்மையும் மீட்காது.

நல்ல உணரி ஒருபோதும் ஆடாமல் நிற்பதில்லை என்பதையும் தாதியர்க்குச் சொல்லிவைத்திருக்கிறேன். குளிர்ப்பெட்டியின் இயந்திரம் ஓடி ஓய்ந்து ஓடுவதால் எண் 4.56, 4.63, 4.69 என்று ஏறியிறங்கிக்கொண்டே இருக்கும். முன்பு திரையில் ஒரு தசம தானம் மட்டும் காட்டினேன். பார்வைக்கு அமைதியாக இருக்கட்டும் என்று. இப்போது இரண்டு தானம் காட்டுகிறேன். இரண்டாவது இலக்கம் அளவுக்கு உதவாது என்பது உண்மையே. அது துடிக்கிறதா என்று பார்க்கத்தான் வைத்திருக்கிறேன்.

பழைய வெப்பமானியையும் திரும்ப வழக்குக்குக் கொண்டுவந்தோம். காலையில் ஒருமுறை கதவைத் திறந்து அதைப் பார்த்துத் திரையிலுள்ள எண்ணுக்கு எதிரே எழுதுகிறார்கள். மூத்த தாதியார் இவற்றோடு நிற்பதில்லை. சென்ற மாதம் அங்கே போயிருந்தபோது கவனித்தேன். திரையைப் பார்த்து எழுதினார். வெப்பமானியைப் பார்த்து எழுதினார். பின்னர் மேல் தட்டிலிருந்த தண்ணீர்ப் போத்தலைப் புறங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.